ராஜாக்கள் சமையலறையிலிருந்து புறப்படுகிறார்கள்

பெங்களூர் ஜோகுபாளையத்தில் ஒரு குழந்தையிடம், "கிறிஸ்துமஸுக்கு உங்க வீட்ல என்ன செய்வீங்க?" என்று கேட்டால், ஸ்டார் கட்டுவோம், குடில் வைப்போம், கேக் வெட்டுவோம், புதுத்துணி போடுவோம் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடும். பக்கத்து வீட்டுக் குழந்தையும் அதையேதான் சொல்லும். "சரி, வேற எந்த வீட்லயும் இல்லாம உங்க வீட்ல மட்டும் நடக்கிறது என்ன?" என்று அடுத்துக் கேட்க வேண்டும். சில பிள்ளைகள் அம்மாவின் முகத்தைப் பார்க்கும். சில பிள்ளைகளுக்கோ அப்போதுதான் பேச்சே பிறக்கும். எழுந்து நின்று, கையை ஆட்டி, குறுக்கே பேசும் தம்பியை அடக்கி, அந்த ஒரு விஷயத்தைச் சொல்லி முடிக்காமல் விடாது.

அப்படிப் பேசும் பிள்ளைகளின் வீட்டில் மற்ற வீடுகளைவிட வசதி அதிகம் என்று சொல்ல முடியாது. வீட்டுப் பெரியவர் யாரோ ஒருவர் எப்போதோ ஒரு விளையாட்டைத் தொடங்கியிருப்பார். அதில் ஒரு வேலையைப் பிள்ளையின் பெயருக்கே எழுதிக் கொடுத்திருப்பார். அந்த வேலையைப் பிள்ளை செய்யாவிட்டால் பண்டிகை நடக்காது என்று வீடே நம்பும். பிள்ளைகள் பெரியவர்களான பிறகும் மறக்காமல் இருப்பது இந்த நம்பிக்கையைத்தான். கையில் வாங்கிய பரிசுகளில் பாதி பொங்கலுக்குள் மறந்துபோகும்.

தண்டுக்காரர்களின் பண்டிகை

அல்சூர் மெட்ரோ நிலையத்தில் இறங்கிச் சற்று நடந்தால் ஜோகுபாளையம். ஒரு பக்கம் இந்திரா நகரின் அகலமான சாலைகளும் கண்ணாடிக் கடைகளும். இன்னொரு பக்கம் அல்சூர் ஏரி, சோமேஸ்வரர் கோயில், பெங்களூர்த் தமிழ்ச் சங்கம். நடுவில் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள், குறுகலான சந்துகள், மொட்டை மாடிக்கு மொட்டை மாடி பேசிக்கொள்ளும் பெண்கள். 1809-இல் ஆங்கிலேயர் இந்தப் பக்கத்தில் படை முகாம் அமைத்தார்கள். பழைய ஆட்கள் 'தண்டு' என்று சொல்வது அதைத்தான். படையின் பின்னால் ஆற்காடு, வேலூர்ப் பக்கங்களிலிருந்து தமிழ்க் குடும்பங்கள் வந்தன. சமையல்காரர், தையற்காரர், கொத்தனார், வியாபாரி, குமாஸ்தா என்று எல்லோரும் வந்தார்கள். சிவாஜி நகர் மாதா கோயிலின் கதை அதற்கும் மூத்தது. செஞ்சிப் பக்கமிருந்து வந்து குடியேறிய தமிழ்க் கிறிஸ்தவர்களிடமிருந்து அது தொடங்குகிறது.

ஆகவே இந்த வட்டாரத்துக் கிறிஸ்துமஸ் பல கைகள் பட்டது. ஆங்கிலோ இந்தியர் வீட்டுக் கல்கலும் ரோஸ் குக்கீயும், மங்களூர்க்காரர்களின் குஸ்வார் பலகாரங்களும், தமிழ்நாட்டிலிருந்து வந்த அதிரசமும் முறுக்கும் ஒரே தட்டில் வந்து உட்காரும். 1927-இல் கட்டப்பட்ட ரசல் மார்க்கெட்டைச் சுற்றி டிசம்பரில் நட்சத்திரங்களும் சுரூபங்களும் மலைபோல் குவியும். வாங்குவதற்கு இங்கே பஞ்சமே இல்லை. வாங்கி வந்ததை என்ன செய்வது என்பதில்தான் ஒரு வீடு இன்னொரு வீட்டிலிருந்து விலகி நிற்கிறது.

அரிசி டிரம்மிலிருந்து குடில் வரை

என் அக்கா வாழ்க்கைப்பட்ட வீடு ஜோகுபாளையத்தில்தான். ஒரு கூடம், ஒரு படுக்கையறை, சமையலறை. குடிலுக்குக் கிடைப்பது டிவி ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி அளவு இடம். அந்தச் சின்ன வீட்டில் ஒரு நெடும்பயணம் நடக்கிறது.

திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் இடையில் வரும். அன்றைக்குக் குடில் பொம்மைகளான மூன்று ராஜாக்களும் சமையலறையில் அரிசி டிரம்முக்குப் பின்னாலிருந்து புறப்படுகிறார்கள். பிள்ளைகள் தூங்கிய பிறகு அக்காவோ மாமாவோ அவர்களை ஒரு சாண், இரண்டு சாண் நகர்த்தி வைப்பார்கள். கேஸ் சிலிண்டரின் தோளில் ஒரு நாள். ஃப்ரிட்ஜ் உச்சியில் இரண்டு நாள், ஏனென்றால் அது மலை. அங்கிருந்து தையல் மிஷின், இஸ்திரிக்குப் போக வேண்டிய துணி மூட்டை, செருப்பு ஸ்டாண்ட், புத்தக அலமாரி. காலையில் எழுந்ததும் ராஜாக்கள் எங்கே வந்திருக்கிறார்கள் என்று கண்டுபிடிப்பது சின்னவன் வேலை. அதை ஒரு நோட்டில் படமாக வரைந்து தேதி போடுவது பெரியவள் வேலை. வீட்டின் வரைபடம் அந்த நோட்டில் வருடத்துக்கு வருடம் மாறிக்கொண்டே வருகிறது. பழைய கிரைண்டர் இருந்த இடம், புது பீரோ வந்த வருடம், தாத்தாவுக்குக் கண் ஆபரேஷன் ஆனபோது கூடத்தில் போட்ட கட்டில், எல்லாம் ராஜாக்கள் கடந்துபோன ஊர்களாக அதில் பதிவாகியிருக்கின்றன.

படுக்கப் போகும்முன் சின்னவன் ஒட்டகங்களுக்கு முன்னால் ஒரு பிடி பொட்டுக்கடலை வைப்பான். காலையில் அது இருக்காது. மூன்று ஒட்டகங்களில் ஒன்று ஒரு வருடம் கால் உடைந்துபோயிற்று. அழுத பிள்ளையைச் சமாதானப்படுத்த அவனுடைய பிளாஸ்டிக் யானையையே அந்த இடத்தில் நிறுத்தினார்கள். மறு வருடம் ரசல் மார்க்கெட்டில் புது ஒட்டகம் கிடைத்தது. யானையை எடுக்க அவன் விடவில்லை. மூவரில் ஒருவரான பல்தசார் இப்போது யானையில்தான் பயணம் செய்கிறார். மத்தேயு நற்செய்தி ஞானிகள் என்று சொல்லும் இந்த ராஜாக்கள் இத்தனை பேர் என்ற கணக்கே அங்கே கிடையாது. காணிக்கை மூன்று என்பதால் ஆட்களும் மூவராகிப் போனார்கள். அவர்கள் எதில் ஏறி வந்தார்கள் என்றும் அங்கே எழுதவில்லை. யானைக்குத் தடை ஏதும் இல்லை.

இது அக்கா வீட்டின் சொந்தக் கண்டுபிடிப்பு என்று நான் சொல்லவில்லை. ராஜாக்களை வீட்டுக்குள் நடக்கவைக்கும் பழக்கம் உலகின் பல நாட்டுக் கத்தோலிக்க வீடுகளில் உண்டு. பாதையும் யானையும்தான் இந்த வீட்டுக்குச் சொந்தம். இந்தப் பயணத்தில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் வேறொன்று. டிசம்பர் 25 அன்று ராஜாக்கள் வந்து சேர்வதில்லை. அவர்கள் குடிலை அடைவது ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாளில். பண்டிகையன்று மதியம் பிரியாணி சாப்பிட்டு முடித்ததும் 'அவ்வளவுதானா' என்று பிள்ளைகள் முகத்தில் ஒரு வாட்டம் வருமே, அது இந்த வீட்டில் வருவதில்லை. இன்னும் பன்னிரண்டு நாள் பயணம் பாக்கி இருக்கிறது.

சுரங்கம் வழியாக வரும் தாத்தா

அதே வீட்டில் பிள்ளைகளின் தாத்தா கோலார் தங்கவயலில் வேலை பார்த்தவர். 2001-இல் சுரங்கம் மூடப்பட்ட பிறகும் அவர் பேச்சு அங்கேயேதான் இருக்கிறது. பெரியவள் நான்கு வயதில், கிறிஸ்துமஸ் தாத்தா புகைபோக்கி வழியாக வருவார் என்று பள்ளியில் கேட்டு வந்து, நம் வீட்டில் புகைபோக்கி இல்லையே என்று கலங்கினாள். அதற்குத் தாத்தா சொன்ன பதில் இன்று குடும்பச் சொத்து. வடதுருவத்திலிருந்து பூமிக்கு அடியில் ஒரு சுரங்கப் பாதை இருக்கிறது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம். கிறிஸ்துமஸ் தாத்தா அது வழியாகத்தான் ஏறி வருவார். சுரங்கத்தில் வேலை நின்றுவிட்டதால் இப்போது வழியும் காலி. தங்கவயலில் வெளியே வந்து, காலை ரயில் பிடித்து பெங்களூர் வந்துவிடுவார்.

அந்த வருடத்திலிருந்து டிசம்பரில் பிள்ளைகளுக்குக் கடிதம் வருகிறது. தங்கவயலில் இருக்கும் உறவினர் ஒருவர் வழியாக, தங்கவயல் முத்திரையோடு தபாலில் வரும். உள்ளே கிறிஸ்துமஸ் தாத்தாவின் கோணல் கையெழுத்து. சுரங்கத்துக்குள் விளக்கு அணைந்துபோன கதை, லிஃப்ட் கூண்டு நடுவழியில் நின்ற கதை, பெரியவள் கணக்கில் வாங்கிய மார்க், சின்னவன் விழுந்து உடைத்துக்கொண்ட பல். பிள்ளையின் ஒரு வருட வாழ்க்கை அந்தக் கடிதத்தில் இருக்கும். தன் பல் விழுந்தது வடதுருவம்வரை தெரிந்திருக்கிறது என்பதில் அந்தப் பையனுக்கு ஏற்பட்ட பெருமையை நான் நேரில் பார்த்திருக்கிறேன். கடையில் வாங்கும் எந்தப் பரிசிலும் இது கிடைக்காது.

எழுத்தாளர் டோல்கீன் இதையே செய்தார். 1920-இல் மூத்த மகனுக்கு மூன்று வயதாக இருந்தபோது கிறிஸ்துமஸ் தாத்தா எழுதியதாக ஒரு கடிதம் எழுதினார். நான்கு பிள்ளைகளுக்கும் 1943 வரை வருடம் தவறாமல் எழுதிக்கொண்டேயிருந்தார். வயதான கை நடுங்குவதுபோல எழுத்தை நடுங்கவைத்தார். வடதுருவத் தபால் தலையைத் தானே வரைந்தார். குறும்புக்காரத் துருவக்கரடி ஒன்று இடையில் புகுந்து கிறுக்கும். அவர் இறந்த பிறகு 1976-இல் அவை புத்தகமாக வெளிவந்தன. உலகமே படிக்கிற புத்தகம், எழுதப்பட்டதோ நான்கு பிள்ளைகளுக்காக மட்டும்.

இன்று உலகம் முழுவதும் பரவியிருக்கும் வழக்கங்கள் சிலவற்றின் வேரைத் தோண்டினாலும் இப்படி ஒரு தனி மனிதரும் சில பிள்ளைகளும்தான் கிடைக்கிறார்கள். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் ஏழைப் பிள்ளைகளுக்கு இல்லம் நடத்திய யோஹான் ஹின்ரிஷ் விஷெர்ன் என்ற போதகரை, கிறிஸ்துமஸ் எப்போது வரும் என்று பிள்ளைகள் தினமும் கேட்டுத் துளைத்தார்கள். 1839-இல் அவர் ஒரு வண்டிச் சக்கரத்தை எடுத்து, ஞாயிறுகளுக்குப் பெரிய வெள்ளை மெழுகுவர்த்தி நான்கும் மற்ற நாள்களுக்குச் சின்னச் சிவப்பு மெழுகுவர்த்திகளும் நட்டார். தினம் ஒன்று ஏற்ற வேண்டும். நம் கோயில்களில் திருவருகைக் காலத்தில் ஏற்றும் நான்கு மெழுகுவர்த்தி வளையம் அதன் வழிவந்தது. கெர்ஹார்ட் லாங் என்ற ஜெர்மானியச் சிறுவனுக்கு அவன் அம்மா அட்டையில் 24 பலகாரங்களை ஒட்டி, நாளுக்கு ஒன்று எடுத்துக்கொள் என்றார். அவன் வளர்ந்து அச்சுத் தொழிலுக்கு வந்தபோது 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிறிஸ்துமஸ் நாள்காட்டியை அச்சிட்டான். இன்று ஆயிரக்கணக்கில் விலை போட்டு விற்கிறார்கள். பள்ளிக்கூடத்து வாட்டர் பாட்டில் கயிற்றில் 24 தீப்பெட்டிகளைக் கோத்து, ஒவ்வொன்றிலும் ஒரு கடலை மிட்டாயும் ஒரு துண்டுச் சீட்டும் வைத்தால் லாங்கின் அம்மா செய்ததுதான் அது. சீட்டில் "இன்னிக்கு ராத்திரி அப்பாகூட மாடில நட்சத்திரம் பார்க்கலாம்" என்று எழுதியிருந்தால் போதும். டிசம்பர் பெங்களூரில் இரவு 16 டிகிரிக்கு இறங்கிவிடும். ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு மாடிக்குப் போவதே பிள்ளைகளுக்குத் திருவிழா.

ஒன்றை மட்டும் நான் வேண்டாம் என்பேன். அமெரிக்காவில் 2005-இல் 'எல்ஃப் ஆன் தி ஷெல்ஃப்' என்று ஒரு புத்தகமும் குட்டிப் பொம்மையும் வெளிவந்தன. பொம்மை அலமாரியில் உட்கார்ந்து பிள்ளையைக் கவனிக்கும். இரவில் பறந்துபோய் கிறிஸ்துமஸ் தாத்தாவிடம் சொல்லிவிட்டு வரும். காலையில் வேறிடத்தில் இருக்கும். இடம் மாறும் விளையாட்டு அழகானது, நம் ராஜாக்கள் செய்வதும் அதுதானே. ஆனால் உளவு பார்க்கும் பொம்மையை நான் வீட்டுக்குள் விடமாட்டேன். 'அது பாத்துட்டே இருக்கு, ஒழுங்கா இரு' என்று ஒரு மாதம் மிரட்டப்படும் பிள்ளை, பரிசு கைக்கு வந்ததும் பொம்மையை மறந்துவிடும். அந்த மிரட்டலை மறக்காது. நல்ல காரியம் செய்தால் குடிலின் தீவனத் தொட்டியில் ஒரு வைக்கோல் போடும் பழைய வழக்கம் நம் கத்தோலிக்க வீடுகளில் உண்டு. பாலன் படுக்க மெத்தை. அதிலும் தன் நற்செயலுக்குத் தானே வைக்கோல் போட்டுக்கொண்டால் கணக்குப் பிள்ளை வேலையாகிவிடும். அக்கா அதைத் திருப்பிப் போட்டாள். பிறர் செய்த நல்லதைப் பார்த்தால் மட்டும்தான் வைக்கோல். "ஆயா எனக்குப் பெரிய துண்டு மீன் வெச்சாங்க" என்று ஒன்று. "தெருமுனை அண்ணா என் பந்தை எடுத்துக் குடுத்தாரு" என்று ஒன்று. ஒரு மாதம் பிள்ளை பிறரையே பார்த்துக்கொண்டிருக்கிறது, பயமில்லாமல்.

கல்கலில் எழுதிய பெயர்

டிசம்பர் நடுவில் ஒரு சாயங்காலம் கூடத்தில் பழைய வேட்டியை விரித்து, பிள்ளைகளின் பாட்டியான ஆயா உட்காருவார். மைதாவில் தேங்காய்ப்பாலும் முட்டையும் சர்க்கரையும் வெண்ணெயும் சேர்த்துப் பிசைந்து, ஈரத்துணி போட்டு மூடிவைத்த மாவு நடுவில் இருக்கும். சுற்றிலும் பிள்ளைகள், அக்கா, எதிர்வீட்டுப் பெண்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு முள்கரண்டி. பிள்ளைகள் கையில் சீப்பு. தலை சீவாத புதுச் சீப்பு, கல்கலுக்கென்றே வருடம் முழுவதும் தகர டப்பாவில் இருப்பது. பெரியவளுக்குச் சிவப்பு, சின்னவனுக்குப் பச்சை. நிறம் மாறினால் சண்டை.

கோலிக்குண்டு அளவு மாவை எடுத்து சீப்பின் பற்களில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்க்க வேண்டும். மெல்லியதாகப் பரவியதும் ஓரத்திலிருந்து உருட்டிக்கொண்டு வந்தால் வரிவரியான சின்னச் சங்காக வரும். ஓரத்தை ஒட்ட மறந்தால் எண்ணெயில் போட்டதும் வாயைப் பிளந்துகொள்ளும். சின்னவன் செய்வதில் பாதி பிளக்கும். அவற்றை ஆயா தூக்கிப் போடுவதில்லை. தனி டப்பாவில் போட்டு அவன் பெயரை ஒட்டிவைப்பார். பண்டிகையன்று மேசைக்கு முதலில் வருவது அந்த டப்பா. அடுப்புப் பக்கம் பிள்ளைகள் வரக் கூடாது. அந்த விதியில் ஆயாவிடம் செல்லம் எடுபடாது.

கடைசியில் மிஞ்சும் மாவில்தான் இந்த வீட்டின் தனி வித்தை. ஆயா மாவைக் கயிறாகத் திரித்து, வாழையிலையில் எழுத்தாக வளைப்பார். ஒவ்வொரு பிள்ளையின் பெயரின் முதல் எழுத்து, தமிழில். பெங்களூர்த் தமிழ்ப் பிள்ளைகள் பலரின் நிலைமை தெரிந்ததுதான். வீட்டில் தமிழ் பேசுவார்கள், தெருவில் கன்னடம், பள்ளியில் இங்கிலீஷ். தமிழ் எழுத்து கூட்டிப் படிக்க வராது. அக்கா பிள்ளைகள் எழுதக் கற்ற முதல் தமிழ் எழுத்து இந்த மாவில் கற்றது. 'ப', 'ட' போன்றவை சுலபம். சுழி உள்ள எழுத்துகள் பொரியும்போது உப்பி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அதற்குச் சுழியை அகலமாக விட வேண்டும் என்று பெரியவள் இப்போது எனக்குப் பாடம் எடுக்கிறாள். போன வருடம் அவள் தன் பெயர் முழுவதையும் எழுதினாள். பொரித்து எடுத்தபோது நடுவில் ஒரு கால் உடைந்தது. பாகில் தோய்த்து ஒட்டிவிட்டார் ஆயா.

மாவு பிசைய நேரமில்லாத வீடுகளை நான் குறை சொல்ல மாட்டேன். இரண்டு பேரும் ஐடி கம்பெனிக்குப் போய் இரவு ஒன்பது மணிக்குத் திரும்பும் வீடுகள் இந்தப் பகுதியில் நிறைய. பேக்கரியில் வாங்கிய சாதாரணக் கேக்கின்மேல் பிள்ளை ஜெம்ஸ் மிட்டாய்களை அடுக்கி எழுத்து அமைக்கலாம். வருடா வருடம் அதே பிள்ளை, அதே வேலை என்பது மட்டும் மாறக் கூடாது.

தட்டு போகும் வழி

ஜோகுபாளையத்தில் கிறிஸ்துமஸ் காலையில் சந்துகளில் அதிகம் நடப்பது தட்டுகள்தான். கோயிலில் இருந்து வந்ததும், எவர்சில்வர் தட்டில் பலகாரம் அடுக்கி, மேலே கைக்குட்டையோ க்ரோஷா துணியோ போட்டு, பிள்ளைகள் கையில் கொடுத்து அனுப்புவார்கள். தீபாவளிக்குப் பலகாரம் வந்த வீடு, ரம்ஜானுக்குப் பிரியாணி வந்த வீடு, ஒன்றும் வராவிட்டாலும் ஒரே சுவரைப் பகிரும் வீடு. தட்டு வெறுமையாகத் திரும்பக் கூடாது என்பது நம் ஊர் வழக்கம். ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத் தருவார்கள்.

இதைப் பெரியவர்கள் பிள்ளைகளிடம் வெறும் வேலையாக ஒப்படைத்தால் பிள்ளை சலித்துக்கொண்டுதான் போகும். விளையாட்டாக ஒப்படைத்தால் ஓடும். தட்டின் அடியில் பிள்ளை வரைந்த ஒரு சின்னப் படம் ஒட்டி அனுப்பலாம். பெற்றுக்கொள்ளும் வீட்டில் அதைக் கண்டுபிடிக்க வேண்டும். அக்கா தெருவில் ஒரு முஸ்லிம் வீட்டுப் பாட்டி அப்படி வந்த படங்களைத் தன் அலமாரிக் கதவின் உட்புறத்தில் ஒட்டிவைத்திருக்கிறார். ரம்ஜானுக்கு அவர் வீட்டிலிருந்து வரும் பாத்திரத்தின் அடியில் இப்போது பேத்தி வரைந்த படம் இருக்கிறது.

கல்லூரிகளிலும் ஆஸ்பத்திரிகளிலும் 'கிறிஸ் மாம், கிறிஸ் சைல்ட்' விளையாடியவர்களுக்கு இதன் ருசி தெரியும். சீட்டுக் குலுக்கி, பெயர் வந்தவருக்கு ஒரு மாதம் தெரியாமல் நல்லது செய்ய வேண்டும். அதை வீட்டுக்குள் கொண்டுவந்து, தாத்தா பெயரும் சீட்டில் இருக்கட்டும். சின்னவனுக்குத் தாத்தா பெயர் விழுந்த வருடம் அவர் மூக்குக் கண்ணாடி தினமும் காலையில் துடைத்துப் பளபளவென்று இருந்தது. யார் துடைத்தது என்று தெரியாதவராகவே கடைசிவரை இருந்தார் அவர்.

சாவு விழுந்த வீட்டில் அந்த வருடம் நட்சத்திரம் ஏறாது, பலகாரம் சுடமாட்டார்கள். அந்த வீட்டுப் பிள்ளைகளைப் பற்றி நாம் அதிகம் யோசிப்பதில்லை. தெருவெல்லாம் வெளிச்சம், தன் வீட்டு வாசல் மட்டும் இருட்டு. துக்கத்தை மதிக்கத்தான் வேண்டும். ஆனால் பிள்ளையின் பெயருக்கு எழுதிய சிறு வேலையை அந்த வருடமும் நிறுத்தாதீர்கள் என்று கேட்டுக்கொள்வேன். எண்ணெய்ச் சட்டி ஏற வேண்டாம். ராஜாக்கள் நடக்கலாம். கல்பள்ளிக் கல்லறைக்குப் போகும்போது, இறந்த தாத்தாவுக்குப் பிள்ளை எழுதிய கிறிஸ்துமஸ் கார்டை எடுத்துப் போகலாம். அக்கம்பக்கத்தார் தங்கள் பலகாரத்தில் முதல் தட்டை அந்த வீட்டுக்கு அனுப்புவார்கள். அந்தத் தட்டை வாங்கி வைக்கும் வேலையும் பிள்ளைக்கு உரியதாக இருக்கட்டும்.

குட்டு வெளிப்படும் வயது

ஒன்பது, பத்து வயதில் கேள்வி வரும். "கிறிஸ்துமஸ் தாத்தா நிஜமா?" அப்போது பொய்யை நீட்டிக்கவும் வேண்டாம், 'சும்மா விளையாட்டுக்குத்தான்' என்று சட்டென்று கைகழுவவும் வேண்டாம். அக்கா தன் மகளிடம் ஒரு சாவியைக் கொடுத்தாள். கடிதத் தாள்களும் தபால் தலைகளும் வைத்திருக்கும் இழுப்பறையின் சாவி. "இனிமே தம்பிக்கு நீதான் எழுதணும். தாத்தாகிட்ட கேட்டு எழுது, சுரங்கம் பத்தி அவருக்குத்தான் தெரியும்." அந்த டிசம்பரில் தாத்தாவும் பேத்தியும் கதவைச் சாத்திக்கொண்டு மணிக்கணக்கில் பேசினார்கள். சுரங்கத்தில் இரவு ஷிஃப்ட் எப்படி இருக்கும், கூண்டு இறங்கும்போது காது எப்படி அடைக்கும், பாறை வெடித்தால் என்ன சத்தம் கேட்கும் என்று தன் பிள்ளைகளிடம்கூடச் சொல்லாததைப் பேத்தியிடம் சொன்னார் அவர். அவளுக்குக் கிறிஸ்துமஸ் தாத்தா போய், சொந்தத் தாத்தா கிடைத்தார்.

இந்த வருடம் புதிதாகத் தொடங்க நினைப்பவர்களுக்கு ஒரு சுலபமான வழி சொல்கிறேன். கேழ்வரகு வாங்கி வாருங்கள். குடிலில் பச்சைப் புல்லுக்காகத் தானியம் முளைக்கவைக்கும் வழக்கம் இந்தப் பக்கத்தில் உண்டு. அம்மன் கோயில் முளைப்பாரியைப் பார்த்து வளர்ந்த நமக்கு அது புதிதில்லை. இத்தாலியில் கிரெச்சியோ என்ற மலைக் கிராமத்தில் 1223-இல் பிரான்சிஸ் அசிசியார் நிஜ மாட்டையும் கழுதையையும் வைக்கோலையும் வைத்து முதன்முதலில் குடில் அமைத்தபோது, மக்கள் தங்கள் கண்ணால் பார்க்க வேண்டும் என்றுதான் விரும்பினார். பிள்ளை தன் கையால் வளர்த்த புல்லும் அந்த வகைதான்.

பழைய ஐஸ்கிரீம் டப்பா போதும். அடியில் ஓட்டை போட்டு, மூன்று விரல் உயரம் மண்ணும் எருவும் நிரப்பி, ஓர் இரவு ஊறிய கேழ்வரகைப் பிள்ளை தன் பெயரின் எழுத்து வடிவில் தூவட்டும். மேலே மெல்லிசாக மண். தினமும் காலையில் தண்ணீர் தெளிப்பது பிள்ளை பொறுப்பு. ஊற்றினால் விதை இடம் மாறிவிடும், தெளிக்கத்தான் வேண்டும். பெங்களூர்க் குளிரில் முளை மெதுவாக வரும், இரண்டு அங்குலம் உயர பத்துப் பன்னிரண்டு நாளாகும். டிசம்பர் 12-க்குள் விதைத்துவிடுங்கள். தவறிவிட்டால் கோதுமை போடுங்கள், அது இன்னும் வேகமாக வளரும்.